எம்.எஸ். வந்ததுல வலது கை சொன்ன பேச்சு கேக்கல, வீட்டுலயே என்ன பயிற்சி பண்றது?

கோபி_தையல்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வயசு 36, கோபி பக்கம் ஒரு ஊரு, வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறேன். எம்.எஸ்., அதான் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்ங்கற மூளை தண்டுவட நரம்பு நோய்னு கண்டுபிடிச்சு சில வருசம் ஆச்சுங்க, மொதல்ல கண்ணுல வந்துது, அது தானா தெளிஞ்சுருச்சு. இந்தத் தை மாசம் கழுத்துத் தண்டுவடத்துல புதுசா ஒரு தழும்பு விழுந்திருக்குதுன்னு எம்ஆர்ஐ பாத்துட்டு சொன்னாங்க, ஆஸ்பத்திரில சேத்து ஸ்டீராய்டு டிரிப்ஸ் போட்டாங்க, நடை சரியாயிருச்சு, வலது கை மட்டும் இன்னும் வரல.

பலம் இல்லாம இல்லீங்க, தண்ணிக் குடம் தூக்கிருவேன். விரல் நுனியில என்ன இருக்குதுன்னுதான் தெரியறதில்ல. கொக்கிய எடுத்தா கையில இருக்குதா கீழ விழுந்துருச்சான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். ஊசில நூல் கோக்கறது, பட்டன் போடறது, சேலைக்கு மடிப்பு எடுத்து பின்னு குத்தறது எதுவும் பாக்காம ஆகறதில்ல. ரசஞ்சோறு பிசஞ்சா விரல் சந்துல எல்லாம் ஒழுகிருது, ஸ்பூன்லதான் சாப்பிடறேன், அது ஒரு பெரிய விசயம் இல்லன்னு வெச்சுக்கலாம், ஆனா தையல் போச்சுன்னா வருமானம் போச்சுங்க.

ஈரோட்டுல ஒரு பிசியோ சென்டருக்கு போயிட்டிருந்தேன், ரெண்டு பஸ் மாறோணும், போய்ச் சேர்றதுக்குள்ள ஒடம்பு தீந்துருது. அங்க கொஞ்ச நேரம் கரண்டு வெப்பாங்க, அப்பறம் ஒரு ஸ்பாஞ்சு பந்தக் கையில குடுத்து அமுத்திட்டே இருங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிருவாங்க. பந்து அமுத்தறதுக்கு எதுக்குங்க நான் ஈரோடு போகோணும்? மாமியாரு நல்லெண்ணெய் காய்ச்சித் தேச்சு சூடா ஒத்தடம் குடுக்கலாங்கறாங்க. டாக்டரக் கேட்டா நடக்கறீங்கல்ல, நல்லாத்தான் இருக்கீங்கன்னு முடிச்சுட்டாரு.

வீட்டுல இருந்தே கைக்கு உருப்படியா என்ன பண்ணலாம்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

விருதுநகரான்:

தங்கச்சி கவலைப்படாத. எங்க மச்சானுக்கு ஸ்ட்ரோக் வந்து கை விழுந்துருச்சு, நாள் பூரா பந்து அமுத்தியே இப்ப பைக் ஓட்டுறாரு. விடாம அமுத்து, வலிச்சாலும் விடாத. எண்ணெயும் நல்லதுதான்.

ஓடி_வேலூர்:

அக்கா, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமா ஓ.டி.ம்பாங்க. நம்ம ஊர்ல பிசியோவ தெரிஞ்ச அளவுக்கு எங்கள யாருக்கும் தெரியாது. கைய வெச்சு செய்யுற அன்றாட வேலைதான் எங்க பாடமே, அதனால இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

விருதுநகர் அண்ணன் அன்போட சொல்றாரு, ஆனா அந்தப் பந்து விசயத்துல எனக்கு ஒப்புதல் இல்ல. எம்.எஸ்.ல கை வேலை செய்யாம போறதுக்கு ஒரே காரணம் கிடையாது. சிலருக்கு பலமே குறையும், சிலருக்கு தசை இறுகிக்கும், சிலருக்கு நடுக்கம், சிலருக்கு நாலு தடவ செஞ்சதும் கை ஓய்ஞ்சுரும், உங்கள மாதிரி சிலருக்கு தொடு உணர்ச்சி போயிரும். கழுத்துத் தண்டுவடத்துல பின்பக்கமா போற பாதையில தழும்பு விழுந்தா பலம் அப்படியே நிக்கும், கை எங்க இருக்கு, எதப் பிடிச்சிருக்குங்கிற சேதி மட்டும் மூளைக்கு ஒழுங்கா போகாது. ஓப்பன்ஹைம்னு ஒரு ஜெர்மன் டாக்டர் நூறு வருசத்துக்கு முன்னாடியே இத எழுதி வெச்சிருக்கார். பலம் இருக்கிற கைக்கு பந்து குடுத்தா என்ன ஆகும், இன்னும் கொஞ்சம் பலம் கூடும், கொக்கி கீழ விழறது நிக்காது. இறுக்கம் இருக்கிற கைக்கோ பந்து ஒரு படி மோசம்னே சொல்வேன், மடக்குற தசை அங்க ஏற்கனவே அளவுக்கு மீறி வேலை செய்யுது, விரிக்கிறதுதான் வராது. அவங்களுக்கு அஞ்சு விரலையும் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு விரிக்கிறது, உள்ளங்கைய டேபிள்ல பதிச்சு மெதுவா உடம்புப் பாரத்த சாய்க்கிறது இதெல்லாம்தான் கேக்கும்.

உங்க கை எந்த ரகம்னு வீட்டுலயே ஓரளவு பாக்கலாம். கண்ண மூடிக்கோங்க, வீட்டுல யாராவது உங்க வலது உள்ளங்கையில ஒரு ரூபா காசு, சாவி, பட்டன், புளியங்கொட்டைன்னு ஒண்ணொண்ணா வெக்கட்டும், விரலால உருட்டிப் பாத்து என்னன்னு சொல்லுங்க. இடது கையில சட்டுனு சொல்றது வலது கையில வரலைன்னா உணர்ச்சிதான் காரணம். அடுத்து ரெண்டு கையையும் நீட்டிக் கண்ண மூடினா வலது கை விரலுங்க தானா மெதுவா அலையுதான்னு அவங்க பாக்கட்டும். மூக்கத் தொட்டுட்டு எதிர்ல இருக்கவங்க விரலத் தொடும்போது கிட்டப் போகப் போக ஆட்டம் கூடுச்சுன்னா அது சிறுமூளை சம்பந்தப்பட்டது, அதுக்கு வழி வேற.

உணர்ச்சிதான்னு தெரிஞ்சா, ஒரு அகலமான டப்பாவுல அரிசியோ கேழ்வரகோ கொட்டி உள்ள உங்க தொழில் சாமானையே போடுங்க, பட்டன், பாபின், பெரிய சைஸ் கொக்கி, அளவு டேப்போட முனை. ஊசியும் குண்டூசியும் மட்டும் வேண்டாம். ஒவ்வொண்ணையும் மொதல்ல கண்ணால பாத்துக்கிட்டே இடது கையால தடவிப் பாருங்க, அப்புறம் அதையே வலது கையால, அப்புறம் கண்ண மூடி வலது கையால மட்டும். துணியும் அப்படித்தான், லைனிங் துணி, பட்டு, வெல்வெட், ஜரிகை பார்டர்னு துண்டு துண்டா வெட்டி வெச்சு எது எதுன்னு தடவியே சொல்லணும். உங்க கைக்கு வருசக்கணக்கா பழகின துணிங்க, மூளை ஆரம்பிக்கிறதுக்கு ஸ்பாஞ்சு பந்த விட இது நல்ல இடம்.

கூடவே விரல் வேலை. நாலஞ்சு காச டேபிள்ல இருந்து ஒண்ணொண்ணா எடுத்து உள்ளங்கைக்குள்ள ஒதுக்கிக்கோங்க, கீழ போடாம, அப்புறம் கட்டை விரலால தள்ளி விரல் நுனிக்கு கொண்டு வந்து உண்டியல்ல போடுங்க. முதல் தடவ காசு சிதறும், பரவாயில்ல. பல்லாங்குழி வீட்டுல இருந்தா எடுங்க, குழில இருக்கிறத வழிச்சு எடுத்து ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டே போறதுக்கு மேல ஒரு கைப்பயிற்சிய நாங்க கண்டுபிடிக்கணும். மல்லிகை கட்டத் தெரியும்னா அதுவும் சேத்தி, மொதல்ல சாக்கு ஊசி மொத்தத்துக்கு நூல் எடுத்து காகிதப் பூவ கட்டிப் பழகுங்க. பெரிய கோட்டு பட்டன்ல ஆரம்பிச்சு சட்டை பட்டனுக்கு வாங்க, பத்துக்கு எட்டு தடவ சரியா வந்தா அடுத்த சின்ன சைஸ்.

எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஒரு மணி நேரம் உக்காந்து பண்ணாதீங்க. பத்து நிமிசம், ஓய்வு, மறுபடி பத்து நிமிசம், காலையில கை புதுசா இருக்கும்போது.

ஒத்தடம் பத்தி ஒண்ணு. உணர்ச்சி இல்லாத கைக்கு சூடு ஆபத்து. கொப்பளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். எண்ணெய் தேக்கிறதுன்னா வெதுவெதுப்பா, அதையும் இடது கையால தொட்டுப் பாத்துட்டு. அயர்ன் பாக்ஸ், தோசைக்கல், குக்கர் மூடி மூணும் இடது கைப் பக்கமாவே இருக்கட்டும்.

எம்.எஸ். கைக்குன்னே செஞ்ச ஆராய்ச்சி ஸ்ட்ரோக் அளவுக்கு கிடையாது, இருக்கிறதுலயும் பாதிக்கு மேல சின்ன குரூப்பு வெச்சு பண்ணதுதான். அதனால இத்தனை வாரத்துல கை திரும்பிரும்னு யாராவது கேரண்டி குடுத்தா நம்பாதீங்க.

ஸ்காபரோ_மாமி:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமா டொரோண்டோவில இருக்கிறன். எனக்கும் எம்.எஸ். தான். உலகத்திலயே இந்த வருத்தம் கூட இருக்கிற நாடுகளில கனடாவும் ஒண்டு, எங்கட சனத்துக்குள்ள மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை, கையில ஏதோ வாதம் எண்டு சொல்லி மறைச்சுப் போடுவினம்.

உங்களுக்கு மரப்பு, எனக்கு நடுக்கம். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினா வாய்க்குக் கிட்ட வரேக்கைதான் கூட ஆடும். வீட்டுக்கு வந்த ஓ.டி. பிள்ளை முதல் நாள் ஒரு பயிற்சியும் சொல்லித் தரேல்லை, குசினியில நிண்டு நான் என்ன செய்யிறன் எண்டு பாத்தா. பிறகு முழங்கையை மேசையில நல்லா ஊண்டச் சொன்னா, தோளும் முழங்கையும் அசையாம இருந்தா விரலுக்கு ஆட்டம் அரைவாசி குறையும் எண்டு. மூடி போட்ட கோப்பை, அரைவாசி மட்டும் ஊத்திறது, பாரமான கரண்டி, தட்டுக்குக் கீழ வழுக்காத ரப்பர் பாய். சாப்பிடுறதுக்கு முதல் முன்கையில குளிர்ப் பை சுத்தி வைச்சா கொஞ்ச நேரத்துக்கு நடுக்கம் அடங்கும், பெல்ஜியத்தில இதை ஆராய்ச்சியாவே செய்து பாத்திருக்கினம். நீங்கள் செய்யாதேங்கோ, மரத்த கைக்குக் குளிரும் சூடு மாதிரித்தான், காயம் பட்டாலும் தெரியாது.

கரண்டி, கோப்பை எண்டு சாமான் மாத்தினா கை சோம்பேறியாப் போயிடும் எண்டு எங்கட அண்ணி சொல்லுவா. பயிற்சிக்கு ஒரு நேரம், சாப்பாட்டுக்கு ஒரு நேரம். பசியோட இருக்கேக்கை ஏன் கையோட சண்டை பிடிப்பான்?

மதுரை_வாசு:

அக்கா, என் வீட்டம்மாவுக்கு எம்.எஸ்., அவ டைப் அடிக்கிற வேலை, அதனால கை விசயம் எங்க வீட்டுல தினசரி பேச்சு.

மொதல்ல வெயில். நீங்க சொன்ன பஸ் பிரயாணத்துல ஒடம்பு தீந்து போறது பாதி அதுனாலதான். ஒடம்புச் சூடு லேசா ஏறினாலே எம்.எஸ்.காரங்களுக்கு இருக்கிற குறை எல்லாம் கூடித் தெரியும், உத்தோஃப்னு ஒரு கண் டாக்டர் 1890லயே இதக் கவனிச்சு எழுதினாரு. எம்ஆர்ஐ எல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஆள வெந்நித் தொட்டில உக்கார வெச்சு, குறை கூடுதான்னு பாத்து எம்.எஸ். இருக்கானு சொல்லுவாங்களாம், கேக்கவே பயமா இருக்குல்ல. சூடு எறங்கினா குறையும் எறங்கிரும், நரம்பு புதுசா கெட்டுப் போறதில்ல, அத மட்டும் மனசுல வெச்சுக்கங்க. கத்திரி வெயில் நேரத்துல எங்க வீட்டுல பயிற்சி எல்லாம் விடிகாலையிலதான், பக்கத்துல ஃபேன், கழுத்துல ஈரத் துண்டு. சாயங்காலம் அவ கை சுத்தமா வேற கை.

அதுக்காக அசையாம உக்காந்துறாதீங்க. ஒரு காலத்துல டாக்டர்களே எம்.எஸ்.னா ஒடம்ப அலட்டாதேன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. 1996ல அமெரிக்காவுல யூட்டா யுனிவர்சிட்டில 15 வாரம் கை கால் ரெண்டுக்கும் சேத்து சைக்கிள் மிதிக்க வெச்சு பாத்தாங்க, தெம்பு கூடுச்சே ஒழிய நோய் கூடல. எங்க சொந்தக்காரங்களுக்கு இன்னும் அந்தச் சேதி வந்து சேரல, அவ கைய அசைச்சாலே பதறுதாக.

அடுத்து, வீட்டுக்கே பிசியோ வர்ற வழி இருக்கு. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், அதுல சுகர் பிரசர் மாத்திரை மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம், பிசியோதெரபியும் அதுல உண்டு. உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பேரக் குடுங்க. ஒரு தடவ வந்துட்டு வரலைன்னா மறுபடி போய்க் கேளுங்க, கேக்காம நடக்காது.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல எம்.எஸ். பேரு போட்டே இருக்கு. 40 சதவீதம்னு சர்டிபிகேட் கெடச்சா சலுகை, உதவித்தொகைக்கெல்லாம் கேக்கலாம். அப்ளை பண்ணும்போது கையில என்னென்ன முடியலைன்னு எழுதிட்டுப் போங்க, இல்லைன்னா நடையப் பாத்துட்டு அனுப்பிருவாங்க, எங்களுக்கு ஒரு எடத்துல அப்படித்தான் ஆச்சு.

கணக்குப்பிள்ளை:

நடந்தா நல்லா இருக்கீங்கன்னு உங்க டாக்டர் சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு மேடம். எம்.எஸ். எவ்வளவு முத்திருக்குன்னு சொல்ல உலகம் பூரா புழங்கற ஸ்கேல் குர்ட்ஸ்கேன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1983ல போட்டது, 0ல இருந்து 10 வரைக்கும். அதுல 4க்கு மேல போனா பெரும்பாலும் எத்தனை மீட்டர் நடக்கறாங்கங்கறதுதான் கணக்கு. ஜாக்கெட்டுக்கு கொக்கி தைக்க முடியலங்கறது அதுல எங்கயும் பெருசா ஏறாது.

கைக்குன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, ஒன்பது குழி பலகை, ஒன்பது சின்னக் குச்சி. ஒவ்வொண்ணா குழில வெச்சு, ஒவ்வொண்ணா திரும்ப எடுக்கணும், ஸ்டாப் வாட்ச் வெச்சு நேரம் பாப்பாங்க. நல்லா இருக்கிற கைக்கு சுமார் 20 செகண்ட் ஆகும். 20 சதவீதம் கூடினாலோ குறைஞ்சாலோதான் நெசமான மாற்றம்னு எடுத்துக்குவாங்க, அதுக்குக் கம்மியா இருந்தா அன்னிக்கு ராத்திரி தூக்கம் சரியில்லன்னு கூட இருக்கலாம். பலகை இல்லாட்டியும் பரவாயில்ல, நீங்களே ஒண்ண நிர்ணயம் பண்ணிக்கோங்க, ஒன்பது பட்டன், ஒரு கிண்ணம், மாசத்துக்கு ஒரு தடவ, அதே டேபிள் அதே நேரம், ரெண்டு கைக்கும் தனித்தனியா. தினமும் அளந்தா மனசு கெட்டுப் போகும், வேண்டாம்.

இன்னொண்ணு, நல்ல கைய உறை போட்டு கட்டி வெச்சுட்டு முடியாத கையால மட்டுமே வேலை செய்ய விடற சிகிச்சை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல அலபாமா யுனிவர்சிட்டில எட்வர்ட் டாப்னு ஒருத்தர் ஸ்ட்ரோக் காரங்களுக்காக கொண்டு வந்தது, அங்கயே பிற்பாடு எம்.எஸ்.காரங்களுக்கும் செஞ்சு பாத்திருக்காங்க. கை முடியலன்னு கொஞ்ச நாள் ஒதுக்கி வெச்சா, அப்புறம் முடிஞ்சாலும் மூளை அந்தக் கைய கூப்பிடறதில்ல, அதான் அடிப்படை. ரெண்டு வாரம், தினம் மணிக்கணக்குல. இத நீங்க வீட்டுல செஞ்சு பாக்கலாமே?

ஓடி_வேலூர்:

கணக்குப்பிள்ளை சார், ஸ்கேல் பத்தி நீங்க சொன்னத டாக்டருங்க நாலு பேர் படிக்கணும். ஆனா அந்த உறை வைத்தியத்த அக்கா தனியா ஆரம்பிக்கறத நான் ஒத்துக்க மாட்டேன். உணர்ச்சி இல்லாத ஒரு கைய மட்டும் வெச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போனா என்ன ஆகும்னு யோசிங்க. எம்.எஸ்.ல நடை நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் தடுமாற்றம் இருக்கலாம், விழுந்தா பிடிச்சுக்க நல்ல கை வேணும். அதுவும் போக அந்த நாள் பூரா அசதிய யாரு தாங்கறது.

அதுல எடுத்துக்க வேண்டியது வேற. அவங்க சும்மா கைய கட்டி விடறதில்ல, வீட்டுல 30 வேலைக்கு பட்டியல் வெச்சு, அந்தக் கைய எவ்வளவு பயன்படுத்துனேன்னு ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடச் சொல்வாங்க. அக்கா, ஒரு பத்து வேலைய நீங்க எழுதிக்கோங்க, லைட் சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள், பல் தேக்கறது, வெங்காயம் உரிக்கறது, கோலப்பொடி விடறது, இந்த மாதிரி சூடோ கத்தியோ இல்லாத வேலைங்க. அதையெல்லாம் வலது கைதான் செய்யணும்னு வெச்சுக்கிட்டு ராத்திரி மார்க் போடுங்க. கோலப்பொடி ரொம்ப நல்லது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எவ்வளவு அமுத்துதுன்னு கோடே காட்டிக் குடுத்துரும், கோடு மொத்தமா விழுதா விட்டு விட்டு விழுதான்னு பாத்தாப் போதும்.

கோபி_தையல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இத்தன பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. பையன வெச்சு அந்தக் கண்ண மூடற டெஸ்ட் பண்ணிப் பாத்தேனுங்க. சாவி கண்டுபிடிச்சுட்டேன், காசும் புளியங்கொட்டையும் ஒண்ணாட்டமே இருக்குது, பட்டன கையில வெச்சதே தெரியல, வெச்சுட்டியாடான்னு கேக்கறேன், அவன் சிரிக்கறான். மூக்கத் தொடறதுல ஆட்டம் எதுவும் இல்லீங்க. அப்ப ஓ.டி. மேடம் சொன்ன உணர்ச்சிதானுங்களா?

ரெண்டு சந்தேகம். மிசின்ல உக்காரலாமுங்களா, ஊசிக்குக் கிட்ட விரல் போனா தெரியாதே. அப்பறம் எங்க ஊரு பக்கம் ஓ.டி.ன்னு யாரும் இருக்கற மாதிரி தெரியல, வீடியோ கால்ல பாப்பாங்களா?

ஓடி_வேலூர்:

நீங்க சொல்றதப் பாத்தா உணர்ச்சிதான் மாதிரி இருக்கு அக்கா, நேர்ல பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும். சாவி தெரியுதுங்கறது நல்ல சேதி, பெருசா, கனமா, ஓரம் இருக்கிற பொருள்ல இருந்து ஆரம்பிங்க, பட்டன அப்புறம் பாத்துக்கலாம்.

மிசின்ல உக்காருங்க, ஆனா ஊசிய சுத்தி விரல் போகாம மறிக்கிற சின்னத் தடுப்பு ஒண்ணு கடையில கிடைக்கும், அத மாட்டிட்டு. மோட்டார் வெச்சிருந்தா கொஞ்ச நாளைக்கு ஸ்பீட குறைச்சுக்கோங்க, நேர்த் தையல் மட்டும் போடுங்க. துணிய ஊசிகிட்ட தள்ளறது இடது கை, வலது கை பின்னால இருந்து பிடிக்கட்டும். கொக்கி தைக்கறது, ஹெம்மிங் இதெல்லாம் ஆர்டருக்கு வேண்டாம், பழைய துணியில பயிற்சியா மட்டும் செய்யுங்க, நூல் கோக்க அந்தக் கம்பி வெச்ச தகடு இருக்கே, அத தாராளமா பயன்படுத்துங்க. குண்டூசிக்கு ஒரு காந்தம் பக்கத்துல வெச்சுக்கோங்க.

புதுசா மரப்போ, பலக்குறைவோ வந்து 24 மணி நேரத்துக்கு மேல நின்னுச்சுன்னா, காய்ச்சலும் யூரின் இன்ஃபெக்‌ஷனும் இல்லைன்னா, அது பயிற்சி கூடிப் போனதுன்னு நெனச்சு வீட்டுல இருக்காதீங்க, உடனே நியூரோ டாக்டருக்கு போன் பண்ணுங்க. ரெகுலரா போடற எம்.எஸ். மருந்தையும் கை தேறுதுன்னு நிறுத்திராதீங்க.

வீடியோ கால்ல பாக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா முதல் தடவ நேர்ல போறது நல்லது, தொட்டுப் பாக்காம உணர்ச்சிய அளக்க முடியாது. வேலூர் சிஎம்சில ஓ.டி. பிரிவு இருக்கு, சென்னைல கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு ஆஸ்பத்திரியும் முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கு. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியான்னு 1985ல இருந்து இருக்கிற அமைப்புக்கு சென்னைல கிளை உண்டு, உங்களுக்குப் பக்கத்துல யாரு இருக்காங்கன்னு அவங்ககிட்டயும் விசாரிங்க. எங்க போனாலும் பாதி தச்ச ஜாக்கெட் ஒண்ணும் ஒரு அட்டை கொக்கியும் கையோட கொண்டு போங்க, பந்த எடுத்துக் குடுத்தாங்கன்னா வாங்கி ஓரமா வெச்சுட்டு, எனக்கு இதுதான் வரலன்னு அவங்க முன்னாடியே தச்சுக் காட்டுங்க.